மெராபித் தாத்தா வீட்டு விசேஷம்

இந்தோனேசியாவின் ஜோக்ஜாகர்த்தாவில் காலை எழுந்ததும் பைக் சீட்டைத் துடைப்பேன். அன்று துணியெல்லாம் சாம்பல். பக்கத்திலிருக்கும் மெராபி எரிமலையின் வேலை. உத்தமபாளையத்துக்காரனுக்கு மலை என்றால் மழை தரும், ஏலக்காய் தரும். தலையில் சாம்பல் கொட்டாது. "மலை வெடித்துவிட்டது!" என்று அரைகுறை இந்தோனேசிய மொழியில் கூவினேன். வீட்டு ஓனரம்மா இபு சூமி ஓடிவந்து என் வாயைப் பொத்தாத குறை. "அப்படிச் சொல்லக் கூடாது. மெராபித் தாத்தா வீட்டில் விசேஷம் என்று சொல்லவேண்டும்." எனக்குப் பத்திரிகை வரவில்லையே என்றேன். அவர் சிரிக்காமல் ஜன்னல் விளிம்புச் சாம்பலில் விரலால் கோடிழுத்து, "இதோ வந்திருக்கிறதே" என்றார்.

எங்கள் வீட்டிலும் விசேஷம்தான். தங்கைக்கு நிக்காஹ். அப்பா, நாங்கள் அத்தா என்போம், உயிரோடு இல்லாததால் பெண்ணுக்குப் பொறுப்பாளனாகச் சபையில் உட்காரவேண்டியவன் நான். நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் லீவுக்காக மேனேஜரிடம் இளிக்காத இளிப்பில்லை. கிளம்பும் நேரத்தில் சாம்பலால் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். பக்கத்து ஊரிலும் அதே கதை. ஊரில் நான் மாட்டிக்கொண்டதெல்லாம் குமுளி மலைப்பாதையில்தான். மண் சரிந்து பஸ் நின்றால், இறங்கி நடந்து அடிவாரத்து லோயர் கேம்ப்பில் ஒரு டீ குடித்தால் தீர்ந்தது. இங்கே இறங்கி நடந்தால் கடல்.

அம்மா போன் போட்டார். "ஏலே, மலை வெடிச்சுச் சிதறிருச்சுன்னு டிவியில போட்டாகளே! உசுரோட இருக்கியா?"

"இல்லம்மா, ஆவிதான் பேசுது."

"நாக்க அறுத்துருவேன்!" என்றவர் அழுதுவிட்டார். தங்கை போனைப் பிடுங்கினாள். "நீ வராம நடக்காதுண்ணே. தேதிய மாத்தச் சொல்லு."

மாப்பிள்ளைக்குத் துபாய் வேலையில் கொடுத்த லீவு முடியப்போகிறது. அவரும் என்னைப்போல இன்னொரு நாட்டுக்கு நேர்ந்துவிடப்பட்டவர். "சும்மா இரு கழுத. எனக்குப் பதிலா சின்னத்தா உக்காரட்டும்" என்றேன். சின்னத்தா, அத்தாவின் தம்பி. அவள் போனை வைத்துவிட்டாள்.

நிக்காஹ் அன்று மண்டபத்தில் ஒரு நாற்காலியில் பேரீச்சம்பழ டப்பாவில் சாய்த்து என்னை, அதாவது போனை, வைத்தார்கள். இங்கே நான் மேலே கல்யாணச் சட்டை, கீழே கைலி. சின்னத்தாவுக்குப் பொறுப்பைக் கொடுத்ததாக நிக்காஹை நடத்திவைக்கும் ஹஜ்ரத் கேட்கக் கேட்கச் சொன்னேன். துஆவுக்கு அங்கே எல்லோரும் ஆமீன் சொல்ல, என் பக்கத்தில் இபு சூமியும் சொன்னார்.

பிறகு போட்டோக்காரர் குரல். "அந்தச் சேர எடுங்கப்பா, மறைக்குது."

"பாத்துத் தூக்குப்பா, அதுல எங்க அண்ணன் மகன் உக்காந்திருக்காப்ல" என்றார் சின்னத்தா.

தூக்கிய வேகத்தில் போன் மல்லாந்தது. திரை முழுக்க மண்டபத்து மின்விசிறி சுற்றியது. சாம்பலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய அறையில், அதைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தேன்.