மேட்சிங் இல்லாத ரவிக்கை

இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

2008. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய்வந்த காலம். புடவையின் நிறத்திலேயே மேட்சிங் ரவிக்கை போடுவதுதான் அன்று மரியாதை. ஒருநாள் பீரோவைக் குடைந்தபோது, கல்யாணப் பட்டின் மஞ்சள் ரவிக்கையைச் சாம்பல் நிற நூல் புடவையோடு வைத்துப் பார்த்தேன். அவ்வளவு எடுப்பாக இருந்தது. கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆபீசில் சீனியர் அக்கா ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, காலையில வூட்ல கரண்ட் இல்லியா? இருட்டுல கைக்குக் கெடச்சத மாட்டிக்கினு வந்துட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் வாயில் வந்தது பொய்தான். “மேட்சிங் ரவிக்கை கிழிஞ்சிடுச்சிக்கா.” அன்று முழுக்க முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நீலப் புடவைக்கு ஆரஞ்சு ரவிக்கை போட்டு வந்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “என்ன, வூட்ல கரண்ட் இல்லியா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது இனித்தது.

அவள் சிரிக்கவில்லை. “இருந்துச்சிக்கா. கண்ணாடியில பாத்து, நல்லா இருக்குன்னுதான் போட்டுக்கினு வந்தேன்” என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பிரித்தாள்.

இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லாமலா போயிற்று? அக்காமேல் இருந்த கோபமெல்லாம் அன்று என்மேல் திரும்பியது, இன்னும் தணியவில்லை.

அடுத்த வாரமும் அவள் அதே ஜோடியில் வந்தாள். என் மஞ்சள் ரவிக்கை, அதன் பிறகு ஒருமுறைகூடப் போடாமலேயே, எனக்குப் பத்தாமல் போய்விட்டது.