ட்யூப் வேண்டாமென்று சொன்னது யார்?

இது நடந்தது பட்டப்பகலில். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நானும். இதில் ஒரு வார்த்தையைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துச் சொல்லத்தான் ஆசை. முடியவில்லை.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. என்னைவிடப் பதினோரு வயது மூத்தது. நானும் என் மனைவியின் தம்பியும் இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அதன் அடியில் படுத்துக் கிடந்து அதற்கு உயிர் கொடுத்தோம். எஞ்சின், பிரேக், கியர் எதிலும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. டயரில் வந்து முட்டிக்கொண்டோம். மச்சினன் ட்யூப் டயர் போதும் என்றான். நான் ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் என்றேன்.

டயர் கடைக்காரர் அவன் பக்கம். சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"சார், இது அந்தக் காலத்து ரிம். ரிவெட் ஆணி அடிச்சு சேர்த்தது. அது வழியாவே காத்து கசியும். டயரைப் பிடிச்சு வைக்கிற மேடும் உள்ள கிடையாது. பாறையில ஏறுறதுக்காக காத்தைக் குறைச்சீங்கன்னா, டயர் ரிம்மை விட்டு எகிறிடும். ட்யூப் போட்டுக்குங்க."

"ட்யூப்புல முள்ளு குத்தினா வண்டி அங்கேயே உக்காந்துரும். ட்யூப்லெஸ்னா அஞ்சு நிமிஷத்துல அடைச்சிட்டுப் போயிட்டே இருக்கலாம். ரிவெட்டு மேல பசை தடவிக் குடுங்க," என்றேன்.

"மாமா, அவர் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்," என்றான் மச்சினன்.

"பயமா இருந்தா பஸ்ஸுல வா மாப்ள."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

ஜீப்பை மலைப் பாதையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்புகிற அன்று காலை, பின்சீட்டுக்கு அடியில் ஒரு புது ட்யூப் இருந்தது. எனக்குத் தெரியாமல் அவன் வைத்தது. எடுத்து வாசலில் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

கடைசி வீட்டைத் தாண்டி இருபத்திரண்டு கிலோமீட்டர் வந்துவிட்டோம். வெறும் கல் பாதை. ஆள் நடமாட்டம் இல்லை. மதியம் 2.40-க்கு இறங்கி, பாறை ஏறுவதற்காக நான்கு டயரிலும் காற்றைப் பதினெட்டு பவுண்டுக்குக் குறைத்தேன். 3.10-க்கு ஒரு சத்தம்.

'டப்.'

முன்பக்கம், இடது சக்கரம். டயர் ரிம்மை விட்டுக் கழன்று தொங்கியது. ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தேன். காற்றெல்லாம் ரிவெட் வழியாகக் கசிந்து, பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கியது. கால் பம்ப்பை மிதிக்க மிதிக்க இறங்கிக்கொண்டே இருந்தது.

மச்சினன் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், சிக்னல் கிடைக்குமா என்று போனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது மணி 3.32.

சக்கரத்துக்கு முன்னால் ஒருவர் குந்தியிருந்தார்.

நீல நிற வேலைச் சட்டை. தோளில் ஒரு ட்யூப். வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது.

"மெக்கானிக்காம் மாமா. பக்கத்துலதான் இருக்காராம்," என்றான் மச்சினன். லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் என்ன இருக்கிறது? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கல்தான். அவருக்கு வண்டி இல்லை. அந்த வெயிலில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. செருப்பில் புழுதி இல்லை…

இடது கையாலேயே ட்யூபை உள்ளே தள்ளினார். எங்கள் பம்ப்பை மாட்டி மிதித்தார். பம்ப்பிலிருந்து சத்தம் வரவில்லை.

'ஸ்ஸ்… ஸ்ஸ்ஸ்…'

சத்தம் அவர் வாயிலிருந்து வந்தது.

டயர் பாதி எழுந்ததும் நிறுத்தினார். முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"ட்யூப் வேணாம்னு சொன்னது யாரு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். உண்மையைச் சொன்னால் நான் தொலைந்தேன் என்று மட்டும் தோன்றியது. மச்சினன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன்தான்," என்றேன்.

மச்சினன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"கையைக் குடு தம்பி. விளிம்பைப் பிடி."

அவன் மண்டியிட்டான். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே, வெள்ளி மோதிரம் போட்ட வலது கையின் நான்கு விரல்களை விட்டான்.

"மாப்ள, கையை எடு!"

எடுக்கவில்லை.

'ஸ்ஸ்…'

"எடுடா!"

'ஸ்ஸ்ஸ்ஸ்…'

'டம்!'

3.41. டயர் ரிம்மில் அறைந்து உட்கார்ந்தது.

அந்த அலறலை எழுத எனக்குத் தெம்பில்லை. சட்டையைக் கழற்றி அவன் கையைக் கட்டினேன். துண்டான விரல்களைக் கொண்டுபோனால் டாக்டர் ஒட்டிவிடுவார் என்று கீழே தேடினேன். சக்கரத்தடியில் தேடினேன். கல்லைப் புரட்டினேன்.

இல்லை.

நிமிர்ந்தேன். அவர் வளைவில் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வலது கையை உயர்த்திக் காட்டினார். துணி இல்லை. ஐந்து விரல்கள். ஒன்றில் வெள்ளி மோதிரம்.

என் மச்சினனின் மோதிரம்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. டயர் இம்மியும் இறங்கவில்லை. அடுத்த வாரம் கடைக்காரர் அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"வால்வையே காணோமே சார். வெறும் ஓட்டைதான் இருக்கு. எது வழியா காத்து அடிச்சீங்க?"

டயரைக் கழற்றினார். உள்ளே ட்யூபும் இல்லை.

வீட்டில் எல்லோரிடமும், டயர் மாட்டும்போது கை சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டோம். என் மனைவிக்கு இன்றுவரை அவ்வளவுதான் தெரியும். எட்டு மாதம் கழித்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த ஒரு மாலையில் அவனிடம் கேட்டேன்.

"ஏன் மாப்ள அன்னிக்குக் கையை எடுக்கல?"

"எடுக்க முடியல மாமா. வாக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"அந்தாளுக்குத்தான். நீங்க மேட்டுக்குப் போனதுமே வந்துட்டான். என்கிட்டயும் அதே கேள்விதான் கேட்டான். எங்க மாமாதான்னு சொன்னேன். 'அவரையும் கேக்கறேன். அவர் ஒத்துக்கிட்டா ட்யூபை மாட்டிட்டுப் பேசாம போயிடுவேன், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உன்னைக் கைகாட்டினா உன் விரல் எனக்கு. சம்மதமா?'ன்னான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டேன் மாமா. எங்க மாமா அப்படிச் சொல்ற ஆளு இல்லன்னு சொன்னேன்."