கேட்காமல் விட்ட பெயர்

ரத்தம் ஏற்றும் வார்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘பேரென்ன’. பதினெட்டு வருட நர்ஸ். நேற்று வந்து போனவரிடமும் இன்று பெயர், பிறந்த தேதி கேட்பாள். படுக்கையருகே நின்று, நோயாளியின் பெயர் எழுதிய கைப்பட்டையையும் ரத்தப் பையையும் இன்னொரு நர்ஸோடு சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பாள். அப்புறம்தான் பையை மாட்டுவாள். “வீட்லயும் பொறந்த தேதி சொன்னாத்தான் சோறு” என்பார் கணவர். அவள் முறைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு.

வார்டுக்கு வரும் இரண்டு சிறுமிகளிடம் மட்டும் அந்தக் கேள்வி கேட்க அவளுக்கு நாக்கு எழும்பாது. அக்காவுக்குப் பன்னிரண்டு, தங்கைக்கு ஒன்பது. இருவருக்கும் ரத்தம் சரியாக ஊறாத பிறவிக் குறை, மூன்று வாரத்துக்கொரு தடவை ஏற்றியாக வேண்டும். அக்காவின் ரத்தம் பி, தங்கையுடையது ஓ. மாற்றி ஏற்றினால் தங்கையின் உயிருக்கே ஆபத்து. ஆனால் இடுப்பில் தூக்கி வைத்திருந்த பிள்ளைகளிடம் போய்ப் பேரென்ன என்பதா?

அன்று ஆள் பற்றாக்குறை. கூட இருந்த நர்ஸை வேறு வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“இங்கயே படிச்சிருவோம், நம்ம புள்ளைங்கதானே” என்று மேசையிலேயே சரிபார்ப்பை முடித்து அந்த நர்ஸை அனுப்பிவைத்தாள்.

ஜன்னலோரப் படுக்கை எப்போதும் அக்காவுடையது. வாசலோர நாற்காலியில் பிள்ளைகளின் அம்மா உட்கார்ந்திருந்தாள். போர்வை தலைவரை மூடியிருந்தது. காலையிலேயே ஊசி போட்ட கை மட்டும் வெளியே. பி பையை மாட்டி, குழாயை ஊசியில் சேர்க்கக் குனிந்தாள். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அத்தை, அக்காவுக்கு மொதல்ல போடுங்க. வெளிச்சம் கண்ணு கூசுதுன்னு அந்தப் பக்கம் போய்ப் படுத்துட்டா.”

தங்கையின் குரல். அவள் குழாயைச் சட்டென்று விலக்கினாள்.

ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. அந்த நர்ஸைத் திரும்ப வரவழைத்து, இரண்டு படுக்கையிலும் முறைப்படி படித்து, சரியான பைகளை மாட்டினாள். ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த தள்ளுவண்டியையே மறுபடி துடைத்தாள். குழந்தைகளின் நாடியை ஐந்து நிமிடத்துக்கொருமுறை பார்த்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்புதான் அவளை அரித்தது.

மதியம் நடந்ததைத் தலைமை நர்ஸுக்கு எழுதிக் கொடுத்தாள். நேரே பிள்ளைகளின் அம்மாவிடம் வந்தாள்.

“காலைல தப்புப் பண்ண இருந்தேம்மா. பெரியவளோட ரத்தத்தைச் சின்னவளுக்கு மாட்டப் போயிட்டேன். பேரு கேக்கல, பட்டையும் பாக்கல. எம்மேல நீங்க புகார் குடுக்கலாம்.”

அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டும் எடம் மாத்திப் படுத்தது எனக்குத் தெரியும் சிஸ்டர். நீங்க பைய மாட்டுறப்போ பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்கதானே, சரியாத்தான் இருக்கும்னு வாயத் தொறக்கல.”