தேவகி அக்காவின் எஃகு வளையல்

“அம்மன் கூப்பிட்டுக்கிட்டா, விமலா,” என்றுதான் தேவகி அக்காவின் அண்ணன் எனக்குச் செய்தி சொன்னார். திங்கட்கிழமை காலை, அக்கா இன்னும் வேலைக்கு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கோலா சிலாங்கூரில் ஓர் இடைநிலைப்பள்ளி அலுவலகத்தில் பல ஆண்டுகள் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர் அக்கா. அம்மன் யாரையும் கூப்பிடவில்லை. அவரை அனுப்பிவைத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அதனால் இந்த அஞ்சலியில் கண்ணீரைவிடக் கோபம் அதிகம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதினாறு வயதிலும் சின்னப் பிள்ளையின் உயரம்தான், வயதுக்கும் வரவில்லை. காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுப்பார். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார், ஓயாமல் கழிவறைக்கு ஓடுவார். வீட்டில் இனிப்பு நீர், சர்க்கரை வியாதி என்று முடிவுகட்டிப் பாகற்காய்ச் சாறு கொடுத்தார்கள். வயதுக்கு வர உளுந்தங்களியும் எள்ளுருண்டையும், கூடவே கோயில் கோயிலாக வேண்டுதலும். பக்கவாட்டில் வந்த மோட்டார் சைக்கிள் கண்ணில் படாமல் இடிபட்டபோது, பராக்குப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள் என்று அடி விழுந்தது. கடைசியில் கண் டாக்டர் ஒருவர்தான் இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை போய்விட்டதைக் கண்டுபிடித்து, தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

மூளையின் அடியில், பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே, கண் நரம்புகளை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. கிரானியோஃபாரிஞ்சியோமா என்று பெயர். புற்றுநோய் இல்லை, ஆனால் உட்கார்ந்த இடம் பொல்லாதது. கோலாலம்பூரில் அறுவை செய்தார்கள். சுரண்டி எடுத்தால் பார்வை மொத்தமும் போய்விடும் என்று ஒட்டிக்கிடந்ததை விட்டுவிட்டு, அந்த மிச்சத்துக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி அடங்கியது, சுரப்பியும் அதோடு செயலற்றுப்போனது. அது செய்த வேலையையெல்லாம் அன்றிலிருந்து மருந்துகள் செய்தன. தைராய்டுக்கு ஒன்று, சிறுநீரைக் கட்டுப்படுத்த ஒன்று, மாதவிலக்குக்கு ஒன்று, உயிரைப் பிடித்துவைக்க ஸ்டீராய்டு.

மாத்திரையால் மாதவிலக்கு வந்தபோது அக்காவுக்கு இருபது தாண்டிவிட்டது. அண்ணி பந்தல் போட்டுச் சடங்கு செய்யக் கிளம்பிவிட்டார். “மாத்திரை வரவழைச்சதுக்கு எனக்கு எதுக்கு அண்ணி மாலை? ஃபார்மசிக்காரருக்குப் போடுங்க லா,” என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அறுவைக்குப் பிறகு அடங்காத பசி வந்து உடம்பு பெருத்தது. அதுவும் அந்த நோயின் மிச்சம்தான். ஆனால் கேன்டீனில் அவர் தட்டைப் பார்க்காத கண் இல்லை. “அந்த ஸ்டீராய்ட விட்டுப் பாருங்க, இளைச்சிருவீங்க,” என்று யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. “இளைச்சிருவேன், பெட்டிக்குள்ள வசதியா அடங்கற அளவுக்கு,” என்பார் அக்கா.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே அவர் வலது கையை நீட்டி, மருத்துவக் குறிப்பு பொறித்த அந்த எஃகு வளையலைக் காட்டினார். “காய்ச்சல்னா மாத்திரை ரெண்டு மடங்கு. வாந்தி எடுத்தா மாத்திரை நிக்காது, ஊசிதான். நான் உளற ஆரம்பிச்சா எங்கிட்ட பேசிக்கிட்டு நிக்காத விமலா, இதக் காட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. அப்புறம், பக்கத்துல வந்து நிக்காத, எனக்குத் தெரியாது. எதிர்ல வா.” ஒரு முறை காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துத் துவண்டார். அவசரப் பிரிவில் டாக்டர் வளையலைப் படித்தார், ஊசி போட்டார். மறுநாள் அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

அறுவையின்போது அண்ணி வேண்டிக்கொண்ட பால்குடம் ஒன்று பாக்கியிருந்தது. அண்ணனின் லோரி கவிழ்ந்ததற்கும் அந்தப் பால்குடமே காரணம், கூரை ஒழுகியதற்கும் அதுவே காரணம். இந்த வருடம் அக்கா சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தபோது மணிக்கட்டில் மஞ்சள் காப்புதான் இருந்தது. வளையலைக் காணவில்லை. காப்புக் கட்டிய உடம்பில் இரும்பு ஆகாது என்று அண்ணி கழற்றிவிட்டாராம். நான் அலுவலகமே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டேன். “மாத்திரையில கை வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான லா,” என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையே காய்ச்சல். போட்ட மாத்திரை வாந்தியில் போய்விட்டது. வெயிலில் பால்குடத்தோடு நின்றவருக்கு உடம்பு நடுங்கியது, பேச்சு குழறியது. “அம்மா இறங்கிட்டா!” என்று கூட்டம் குலவையிட்டது, உறுமி வேகமெடுத்தது. ஒருத்தி தன் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று குறி கேட்டாள். அக்கா “ஆஸ்பத்திரி, ஊசி,” என்றார். “யாரு வீட்டுலம்மா நோயி? சொல்லு தாயே!” என்று காலில் விழுந்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அவர் சாய்ந்து கிடந்து வெகுநேரம் கழித்துத்தான் ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் கையைப் புரட்டிப் பார்த்தார்கள், மஞ்சள் கயிறு இருந்தது. “சாமி வந்துச்சு,” என்று அண்ணி சொல்லியிருக்கிறார். ஊசி போடவேண்டியவர் என்று யாருக்கும் தெரியவில்லை. இவ்வளவையும் என்னிடம் சொன்னது அந்த அண்ணியேதான். அழுகையோடும் கொஞ்சம் பெருமையோடும் சொன்னார்.

அம்மன்மீது எனக்குக் குறையில்லை. பிழைக்கும் வழி அக்காவுக்கே தெரிந்திருந்தும் பிழைக்க விடாதவர்கள்மீதுதான் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

தஞ்சோங் காராங்கில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வளையல் எங்கே என்று கேட்டேன். சாமி மேடைத் தட்டிலிருந்து எடுத்து வந்தார் அண்ணி. ஆங்கிலத்திலும் மலாயிலும் பொறித்திருந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் வாசித்தேன். “என் உடம்பில் ஸ்டீராய்டு சுரக்காது. மயங்கினால் உடனே ஊசி போடவும். தாமதித்தால் உயிர் போகும்.”  வளையல் போட்ட அந்தக் கைக்கு இருபது வருடம் சோறு போட்ட அண்ணி, மெதுவாகக் கேட்டார்: “அதுல இதுவா எழுதியிருந்துச்சு?”

வளையலை அக்காவின் கையில் நானே மாட்டினேன். பிறகு கால்மாட்டில் போய், அவர் முகத்துக்கு நேராக நின்றேன். எதிரில்தான் இருக்கிறேன் அக்கா. பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.