மிர்னாவின் தாய் என்ன குடி?

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹோலில் ஒரு கலியாணம் நின்றுபோகப் பார்த்தது. மணமகள் என் மகள். நிறுத்தப் பார்த்தவன்... வேறு யார், நான்தான்!

காரணம் சீதனம் இல்லை. சாதகம் இல்லை. ஒரு விண்வெளிக் கப்பல்.

பொறுங்கள், பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். ஒழுங்காகவே சொல்கிறேன்.

மகள் தர்ஷிக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பொடியன் பெயர் குகன். ஊர் வெல்லாவெளி, பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம். நாங்கள் ஆரையம்பதி, இந்தப் பக்கம். இருவரும் கம்பஸில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆகவே 'பேசி வந்த சம்பந்தம்' என்று நாங்கள் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

சாதகம் பொருந்தியது. குடி விசாரித்ததிலும் சிக்கல் இல்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி வருவது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சே எழாது.

எல்லாம் முடிந்தது என்று நான் காலை நீட்டிய நேரத்தில் யோகன் போன் எடுத்தார். யோகன் என் மனைவிக்கு அண்ணன் முறை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று கதைத்தவர் அவர்தான்.

"மச்சான், பொடியன்ட தகப்பன் ஒண்டு கேட்டவர்."

நீட்டிய காலை மடக்கினேன். "என்ன கேட்டவர்? வளவா? வாகனமா?"

"சே! பொண்ணுட தகப்பன் அந்தப் படம் பாக்கிறவரோ எண்டு கேட்டவர்."

எந்தப் படம்? உலகமே பார்க்கும் படம். கையிலிருந்து மின்னல் விடும் வீரர்கள், வெடித்துச் சிதறும் கிரகங்கள், பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கும் கதை. உண்மைப் பெயரை எழுதமாட்டேன். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ரசிகர்கள் வீடு தேடி வருவார்கள். 'வால்வெள்ளிப் படை' என்று வைத்துக்கொள்வோம். பாத்திரங்களின் பெயர்களும் நான் வைத்தவைதான்.

யோகன் விளக்கினார். குகனின் தகப்பன் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலையில் வட்டைக்குப் போவார், வயலைப் பார்ப்பார், வருவார். ஆட்களோடு அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் குகன் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து தகப்பனும் மகனும் அந்தப் படத்தில் ஒரு பாகத்தையும் விட்டதில்லை.

"கலியாணம் முடிஞ்சா பொடியன் உங்கட வீட்டுக்கு வந்திருவான். மனிசன் தனிச்சுப் போவார். அதான் கேக்கிறார் மச்சான்."

எங்கள் வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணை அனுப்பிவிட்டு அழும் வேலை எங்களுக்கு இல்லை. பையனை அனுப்பிய வீட்டில் யாராவது அழுகிறார்களா? நானும் அப்படி ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவன்தான். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை!

அந்த மனிதரை நினைத்ததும் மனது இளகியது. இளகியதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஓமோம்! நான் எல்லாப் பார்ட்டும் பாத்திரிக்கன்! ரெண்டு தரம்!"

ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வியர்க்கும். எனக்கு வாய் ஓடும்.

பக்கத்தில் நின்ற மனைவி சாந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமை அவங்க வாறாங்க. அந்த மனிசன் ஏதும் கேட்டா என்ன சொல்லப் போறீங்க? நித்திரையில பாத்தன் எண்டா?"

அன்று பின்னேரமே பயிற்சி தொடங்கியது. ஆசிரியை, என் மகள்.

"அப்பா, வந்த வரிசையில பாக்கிறதா, நடந்த வரிசையில பாக்கிறதா?"

"ஏன் புள்ள, ரெண்டும் வேறயா?"

"ஆறாவதா வந்த படம்தான் முதல் நடந்த கதை."

எனக்கு அப்போதே தலை சுற்றியது. பரவாயில்லை என்று உட்கார்ந்தேன். ஒரு பாகத்தில் செத்தவன் அடுத்த பாகத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"இவன் செத்தவனெல்லோ?"

"செத்தது வேற உலகத்துல இரிக்கிற இவன், அப்பா."

"அப்ப இவன் ஆரு?"

"இவனும் இவன்தான்."

இன்னொரு இடத்தில் தளபதியின் மூக்கே மாறியிருந்தது. நடிகரை மாற்றிவிட்டார்களாம். அந்தக் கப்பலில் ஒருவர்கூட, 'என்ன சேர், மூக்கு வேற மாதிரி?' என்று கேட்கவில்லை! எங்கள் தெருவில் ஒருவர் மீசையை எடுத்தால் ஒரு மாதத்துக்குக் கதை ஓடும்.

இரண்டாம் நாள் நான் கைவிட்டுவிடும் நிலை. முகம் மனதில் நிற்கவில்லை, பெயர் நிற்கவில்லை. அப்போதுதான் வழி கிடைத்தது. முன்பின் தெரியாத ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நாம் என்ன கேட்கிறோம்? எந்த ஊர்? ஆர்ர மகன்? தாய் எந்தப் பக்கம்? கல்லடிப் பாலம் வருவதற்குள் அவர் நமக்கு மச்சான் முறையாகிவிடுகிறார். பிறகு மறப்போமா?

அதையே படத்துக்கும் போட்டேன். கிரகம்தான் ஊர். தாய்வழியைப் பிடித்துக்கொண்டு போனால் குடி. மின்னல் விடும் நாயகன் ரோடன், பச்சைக் கிரகத்துத் தாய்க்குப் பிறந்தவன். கப்பல் ஓட்டும் மிர்னா, முழங்கால்வரை முடி தொங்கும் ஒருத்தியின் மகள்; அந்தத் தாய்க்கு நான் வைத்த பெயர் முடிக்காரி. வில்லன், ரோடனின் தாய்மாமன். தாய்மாமன் எதிர்த்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை! படம் திடீரென்று விளங்க ஆரம்பித்தது. பிடிக்கவும் ஆரம்பித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே ஒரு குறை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நான் ரிமோட்டை அமத்திவிட்டு எழும்பிவிடுவேன். "அப்பா, பொறுங்க!" என்று தர்ஷி கத்துவாள். பெயர் ஓடினால் எழும்புவதுதானே முறை? தியேட்டரில் கதவு திறக்கும் சத்தத்துக்கே எழும்பிப் பழகிய சனம் நாங்கள்.

சனிக்கிழமை மகள் எனக்கு ஒரு வசனம் பாடமாக்கித் தந்தாள். "அவர் என்ன கேட்டாலும், 'மூண்டாம் பார்ட்ட மியூசிக்குக்கு ஈடில்ல' எண்டு சொல்லுங்க. வேற ஒண்டும் பறைய வேணாம்."

ஞாயிறு வந்தது. அவர்களும் வந்தார்கள்.

குகன் ஒரு துண்டுக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் இருந்தான். அவனுடைய தாய் சாந்தியோடு குசினிப் பக்கம் போனார். தர்ஷி அறைக்குள். ஹோலில் எனக்கு எதிரே அந்த மனிதர். வெள்ளைச் சேர்ட், மெல்லிய உருவம். வெயிலைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார். வயலைப் பற்றிக் கேட்டேன். "ஓம்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக் கேட்டார்.

"ஒன்பதாம் பார்ட்ல... கடைசியில ரோடனுக்கும் மிர்னாக்கும் கப்பல்ல கலியாணம் நடக்குதே. அது உங்களுக்குப் பிடிச்சுதா?"

மூன்றாம் பாகத்து இசை. அதைத்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வசனம் வரவில்லை! அவருடைய முகத்தைப் பார்க்கிறேன். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை. பதற்றத்தில் என் மூளை தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யத் தொடங்கியது. மிர்னா, ஆர்ர மகள்? முடிக்காரியின் மகள். முடிக்காரி எந்த ஊர்? எரிந்துபோன பச்சைக் கிரகத்திலிருந்து இரண்டு சின்னப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்களே, ஆளுக்குப் பாதிப் பதக்கம்... ஒரு பாதி முடிக்காரியின் கழுத்தில். மற்றப் பாதி? ரோடனின் தாய் கழுத்தில்!

நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன்.

"ஐயோ! அந்தக் கலியாணம் சரிவராது! ரெண்டு பேர்ர தாய்மாரும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி! ரெண்டு பேரும் ஒரே குடி!"

குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது.

கலியாணப் பேச்சு நடக்கும் வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து இருக்கிறார்கள். பெண்ணின் தகப்பன் ஹோலில் நின்று, கலியாணம் சரிவராது, ஒரே குடி என்று கத்துகிறான். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய குண்டு கிடையாது. ஒரு கிரகம் வெடித்தால்கூட இந்தச் சத்தம் வராது.

சாந்தி ஓடி வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. அவளுக்குப் பின்னால் குகனின் தாய்.

"ஆர் சொன்ன?" என்றார் அந்த அம்மா. "நாங்க எல்லாம் விசாரிச்சுத்தானே வந்த. ஆர்ர தாய் ஆருக்கு அக்கா?"

"மிர்னாட தாய்..." என்றேன்.

"மிர்னா ஆரு? புள்ளைக்கு இன்னொரு பேரும் இரிக்கா?"

"இல்ல, இல்ல. அவ கப்பல்ல வந்தவ..."

"எந்தக் கப்பல்ல?"

நான் எவ்வளவு கதைத்தேனோ அவ்வளவும் குழியை ஆழமாக்கியது. படம் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லும் வந்தது! உதவிக்குக் குகனைப் பார்த்தேன். கேக் தொண்டையில் சிக்கி அவன் இருமிக்கொண்டிருந்தான். அவன் தகப்பனைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பதக்கங்களை மனதில் பொருத்திப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. மெல்லத் தலையை ஆட்டி, மிகுந்த கவலையோடு மனைவியிடம் சொன்னார்:

"அவர் சொல்லுறது சரிதான். இவ்வளவு காலமா நான் கவனிக்கல்ல. அந்தக் கலியாணம் பிழைதான்."

சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். குகனின் தாய் கைப்பையை எடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில் அறைக் கதவு படாரென்று திறந்தது. அழைக்கும்வரை வெளியே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த மணப்பெண், ஒரு பக்கத் தலையில் மட்டும் பூ வைத்தபடி ஹோலின் நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா! எட்டாம் பார்ட் முடிஞ்சு பேர் ஓடின மறுகா ஒரு துண்டு வரும்! பொறுங்க பொறுங்க எண்டு கத்தினன், ரீவிய அமத்திட்டுப் போய்ப் படுத்துட்டீங்க! மிர்னா அந்த முடிக்காரி பெத்த புள்ள இல்ல. ஆளில்லாத கப்பல்ல கிடந்த குழந்தை. எடுத்து வளத்தவ!"

பிறகுதான் குகனின் தாயைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "படத்துல... இவங்க ரெண்டு பேரும் படத்தைக் கதைக்கிறாங்க."

குகன் இருமி முடித்தான்.

"படத்துலயா?" என்றார் குகனின் தாய். கைப்பை மெல்ல மேசைக்குத் திரும்பியது. புருஷனைப் பார்த்த பார்வையில் இருந்ததை நான் இங்கே எழுத முடியாது. சாந்தி என்னைப் பார்த்ததும் அதே பார்வைதான். இரண்டு பேரும் ஒரு குடியோ என்று எனக்கே சந்தேகம் வந்தது!

அந்த மனிதர் மட்டும் வேறொரு உலகத்தில் இருந்தார். தர்ஷியை நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"அந்தக் கடைசித் துண்டு வரைக்கும் பாத்தியா புள்ள?"

"எல்லாப் பார்ட்லயும் பாத்திரிக்கன் மாமா. ஆக்கள் எழும்பிப் போனாலும் நான் இரிப்பன்."

"நாங்களும் அப்பிடித்தான்," என்றார். "தியேட்டர்ல கூட்டுறவங்க வந்து எழுப்பும் வரைக்கும் இரிப்பம். இவர் சத்தம் போட்டதுல இந்தத் துண்டு எனக்கு மறந்தே போச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், ஞாயிறு ஞாயிறு படம் பாக்க இஞ்சால வந்தா... கரைச்சல் இல்லையே?"

மச்சான்! வந்ததிலிருந்து 'நீங்க' என்று பெயரில்லாமல் கதைத்த மனிதர். நான் இரண்டு தரம் பார்த்தவன் இல்லை என்பது அவருக்கு இப்போது நன்றாகவே தெரியும். எட்டாம் பாகத்தின் கடைசித் துண்டைக்கூடப் பார்க்காதவன். இருந்தும் மச்சான்.

"பாலத்தைத் தாண்டி வாங்க மச்சான்," என்றேன். "கதிரை போட்டு வைக்கிறன்."

அதோடு வாயை மூடிக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம்.

ஒரே கதையை இத்தனை பாகமாக இழுக்கிறார்களே என்று நானும் நக்கலடித்தவன்தான். செத்தவர் வருகிறார், மூக்கு மாறுகிறது, முன்னால் நடந்தது பின்னால் தெரிகிறது. நம் குடும்பங்கள் மட்டும் என்னவாம்? கலியாண வீட்டில் ஒரு மாமி சாப்பாட்டுப் பந்தியில் வாயைத் திறந்தால் போதும், நமக்குத் தெரியாத ஒரு பெரியப்பா முளைத்துவிடுவார். கதையை முழுதாகப் பார்த்தவர் எந்த வீட்டிலும் இல்லை. பொறுமையாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அவ்வளவுதான்.

அன்றைக்கே நாள் குறித்தார்கள். உடைந்தது சீனிக் கோப்பைதான், போகட்டும். எல்லோரும் சிரித்துக் கதைத்தபடி வேனடிக்கு வந்தோம். குகனின் தாய் ஏறப் போனவர், ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார். எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருகா தர்ஷி. அந்தப் புள்ள எடுத்து வளத்த புள்ளையெண்டா... பெத்த தாய் என்ன குடி?"

நான் தர்ஷியைப் பார்த்தேன். தர்ஷி மாமனாரைப் பார்த்தாள். மாமனார் வானத்தைப் பார்த்தார்.

"அது அடுத்த பார்ட்லதான் தெரியும், மாமி," என்றாள் என் மகள்.

அந்த அம்மா இப்போது முதலாம் பாகத்திலிருந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறாராம். படம் எடுப்பவர்கள் இனிக் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது!