பதற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகள்

மருந்துக் கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அது எதற்கென்று புரியவைக்கத்தான் பத்து நிமிடம் ஆகும். என்னைப் போலக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று மருந்து கொடுக்கிற உங்களுக்கும் இது தெரிந்த அவஸ்தைதான். விருதுநகரில் பதினாறு வருடமாக மருந்தாளுநராக இருக்கும் என்னை அதிகம் பேசவைத்தவை, அட்ரினலினைத் தடுக்கும் மாத்திரைகள். பயந்தாலும் பதறினாலும் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது இருதயத்தில் தனக்கான இடத்தில் உட்கார்ந்தால் துடிப்பு ஏறும். ரத்தக்குழாயில் உட்கார்ந்தால் குழாய் இறுகும். இந்த மாத்திரைகள் முன்னாடியே போய், பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல அந்த இடத்தைப் பிடித்துவிடும். எல்லாருக்கும் இப்படித்தான் சொல்கிறேன்.

கை நடுக்கம்

மாரிச்சாமி சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவர். டம்ளரைத் தூக்கினாலே கை ஆடும். அவர் அப்பாவுக்கும் அப்படித்தானாம். வெடிமருந்து புழங்கும் இடத்தில் ஆடுகிற கையை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? குடித்துவிட்டு வருகிறார் என்று நினைத்த ஃபோர்மேன், தினமும் வாயை ஊதச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் புரொப்ரனலால் எழுதியிருந்தார், இருதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் வகை. "இது நெஞ்சு வலிக்கான மாத்திரைன்னு சொல்றாக, எனக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லையே" என்றார் மாரிச்சாமி. கைத்தசையிலும் இதே துண்டு விழும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது வாரம் வந்தார். நடுக்கம் முழுக்கப் போகவில்லை. வேலை பார்க்கும் அளவுக்குக் கை நின்றிருந்தது. "ஃபோர்மேன் இப்ப ஊதச் சொல்றதில்லக்கா. சாப்பிட்டியான்னு கேக்குறாரு."

வத்தல் கடை அண்ணாச்சி

மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி, மருந்து வாங்க வந்த பெண்கள் எல்லாரும் போகும்வரை காத்திருந்து டாக்டர் சீட்டை நீட்டினார். புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் போவதில் சிரமம். இது ஆல்ஃபா பிளாக்கர், சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்தும், ரத்தக்குழாயையும் கொஞ்சம் தளர்த்தும், அதனால் மெதுவாக எழுந்திருங்கள் என்றேன். தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் தன் கடையில் போன் அடிக்க, சட்டென்று எழுந்தவர் கண் இருட்டி வத்தல் மூட்டைமேல் விழுந்தார். புருவத்தில் இரண்டு தையல். அடுத்த தடவை மாத்திரை வாங்க அவர் மனைவிதான் வந்தார். "நாப்பது வருசமா நிதானமா இருங்கன்னு நான் சொன்னேன், கேக்கல. இந்த மாத்திரை சொன்னா கேக்குறாக."

இன்டர்வியூ

சூலக்கரையில் ஓர் ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ போகிற பெண், சீட்டு இல்லாமல் புரொப்ரனலால் கேட்டாள். தோழி சொன்னாளாம், போட்டால் படபடப்பே வராதென்று. பர்ஸ் எடுக்கப் பையைத் திறந்தபோது உள்ளே இன்ஹேலர் தெரிந்தது. ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. தர முடியாது என்றேன். வேறு கடையிலும் வாங்காதே என்று இரண்டு தடவை சொன்னேன். கோபமாகப் போய்விட்டாள். எங்காவது வாங்கிவிட்டாளோ என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு நாள் லட்டு டப்பாவோடு வந்து நின்றாள். "நடுங்கிக்கிட்டேதான் பதில் சொன்னேன்கா. வேலை குடுத்துட்டாக."

விரதம்

இது என்மேல் எனக்கே வருத்தம் உள்ள கதை. முத்துலட்சுமியம்மா இருதயத்துக்காக ஐந்து வருடமாக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர். ஒரு மாதம் மாத்திரை வாங்க வரவில்லை. வரவில்லையே என்று நினைத்தேன், போன் செய்யவில்லை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடக்க விரதம் பிடித்தவர், மாத்திரையையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். திடீரென்று நிறுத்தினால் அதுவரை தள்ளி வைத்த அட்ரினலின் எல்லாம் ஒரேயடியாக ஏறி உட்காரும். சாத்தூர் தாண்டுவதற்குள் நெஞ்சு வலித்து, ஆம்புலன்ஸில் போய் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

தேறி வந்தவரிடம், முன்னாடியே நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா மாத்திரைய விட்டுட்டு வான்னு சொல்லல தாயீ. நானாத்தான் சொல்லிக்கிட்டேன்."

இத்தனை பேர் படபடப்புக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற எனக்கு, அவர்கள் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்கிற படபடப்புக்கு மட்டும் இன்னும் ஒரு டாக்டரும் சீட்டு எழுதவில்லை.