தங்கையிடம் நான் கேட்காத கேள்விகள்

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தோம்: பாடப்பிரிவுத் தலைவி, எங்கள் வார்டின் மூத்த செவிலி, நான். அயர்லாந்தில் எந்த முக்கியமான பேச்சுக்கு முன்னாலும் டீ ஊற்றி மழையைப் பற்றிப் பேசுவார்கள், அன்றும் பேசினார்கள். அங்கே இல்லாதவள் என் தங்கை ஸ்டெல்லா. திருவொற்றியூரில் ஏழு மாதக் கர்ப்பத்தோடு இருந்தாள்.

மேற்படிப்புக்கு இரண்டு வழி: பிரசவம் பார்க்கும் மிட்வைஃபரி, இல்லையென்றால் குடும்ப மருத்துவச் செவிலியம். பிரசவ வார்டில் எனக்கு நல்ல கை என்றார் மூத்த செவிலி. நான் குடும்ப மருத்துவத்தையே கேட்டேன். ஏன் என்றதற்கு, எங்கள் கலாச்சாரம் என்றேன். யாருடைய பூஜையிலோ குறுக்கே புகுந்துவிட்டவர்போலத் தலைவி மன்னிப்புக் கேட்டார். உண்மை அவ்வளவு கண்ணியமானதல்ல. ஊரில் நர்சிங் படித்தபோது ஆண் மாணவர்கள் பிரசவ அறைக்கு வெளியே நின்று ரெக்கார்டு எழுதுவோம். கல்மண்டபம் டீக்கடையில் என் தோஸ்து முருகன், "இன்னா மாமு, ஆயா வேலைக்கா படிச்சிகினு கீறே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கடல் தாண்டி வந்தும் அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

இத்தனைக்கும் இங்கே முன்பின் தெரியாத கர்ப்பிணிகளிடம், ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறதா என்று அறிய, தினமும் கேட்கிறேன்: தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா? கணவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவான்.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா வீடியோவில் வந்தாள். "செருப்பே நுழைய மாட்டேங்குதுண்ணா. தலை வேற வலிச்சிகினே கீது."

கேள்விகள் நாக்கில்தான் இருந்தன. கூடப் பிறந்தவளிடம் கேட்கக் கூசினேன். தண்ணீர் நிறையக் குடி, மற்றதை அம்மாவிடம் கேட்டுக்கொள் என்று பேச்சை முடித்தேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ரேஷன் கார்டோ ஸ்கேன் ரிப்போர்ட்டோ, நான் படித்துச் சொன்னால்தான் அங்கே செல்லும். மறுநாள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிட்டிருக்கிறார். அண்ணனே தண்ணீர் குடித்தால் போதும் என்றுவிட்டது என்று ஸ்டெல்லா அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதற்கடுத்த நாள் காலை, குடிநீர்க் குழாயடியில் அவளுக்கு வலிப்பு வந்தது. அரசு மருத்துவமனையில் அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளையை முடியவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரையில் அவள் முகம். நான் அழுதேன், அவள் அழவில்லை.

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேண்ணா. நீ நர்சுதானே."

மிட்வைஃபரிக்கு மாற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள். கலாச்சாரத்தையே மீறிய துணிச்சல் என்று தலைவி கை குலுக்கினார். நான் திருத்தவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளை அந்தக் கையில்தான் வாங்குகிறேன். அம்மாக்கள் நன்றி சொல்லும்போது திருவொற்றியூர்ப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன், அது எந்தத் திசை என்று தெரியாமலே.

செலவு எவ்வளவு ஆயிற்று என்று மச்சானிடம் கேட்டிருந்தேன். அரசு மருத்துவமனை, பைசா வாங்கவில்லை என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார், வழக்கம்போல் நான் படித்துச் சொல்ல. ஆண் குழந்தை. ஆயிரத்து நூற்று நாற்பது கிராம்.